கண்ணாடியில் பார்த்த ஆயிரம்

ஸெல்ப் ஊரில் தேநீர்க் கோப்பை சுடுகிற மண்ணுக்கு
உறவுக்கார மண்ணில்தான் எங்கள் குச்சிகளும் வேகின்றன.
கோப்பைக்குப் பூ வரைவார்கள்.
குச்சிக்குக் கரி.

அரிசியைவிடச் சற்றே நீளம்.
ஆயிரக்கணக்கில் உலைக்குள் உருளும்.
காற்றை உறிஞ்சிவிட்டு எரிவாயுவை விடுவார்கள்.
எரிய வழியில்லாத வாயு அந்தச் சூட்டில் உடைந்து
தன்னிடமுள்ள கரியை மட்டும்
குச்சியின் மேல் விட்டுப் போகும்,
நிழல் அளவு கனத்தில்.
பிறகு இரு முனையிலும் தகரத் தொப்பி.
பிறகு என் மேசை.

கெர்லிண்டெ பொல்மான், சுருள்வெட்டுப் பிரிவு, இரவு ஷிப்ட்.

வைரச் சக்கரம் கரியில் இறங்கும்.
குச்சி சுழலும், நகரும்,
ஆப்பிள் தோலை அறுபடாமல் சீவுவதுபோல்
கரி ஒரே நாடாவாகும்.
நாடா நீள நீள
ஒடுங்க ஒடுங்க
மீட்டரில் முள் ஏறும்.
ஆயிரம் ஓம்.
நிறுத்து.

முந்தி நின்றது மறுபடி சக்கரத்துக்கு வரலாம்.
பிந்தியது குப்பைக்கு.
வெட்டினால் ஏற்றலாம், இறக்க வழியில்லை.
வெட்டிய கரியை ஒட்டுகிறவன் இன்னும் பிறக்கவில்லை.
என் மாமியாரிடம் பேசும்போதெல்லாம்
இதை நினைத்துக்கொள்வேன்.
சில நாள் பலித்தது.

அடுத்த அறையில் அரக்குப் பூச்சு, வண்ணப் பட்டை.
கறுப்பு பூஜ்யம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு.
கடைசி மேசையில் ஃபோல்க்மார்.
பார்த்து அனுப்பச் சொன்னால்
ஒவ்வொன்றையும் இரண்டு ஊசிக்கு நடுவில் வைத்து
அளந்து அனுப்புவான். பதினோரு வருஷமாக.
சந்தேகப் பிராணி என்றோம்.
ஷிப்டிலேயே மெதுவான ஆள் என்றோம்.

ஜனவரியில் ஒரு பெட்டி திரும்பி வந்தது.
நாற்பதாயிரம் உருப்படி.
பழுப்பு கறுப்பு சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில்
சிவப்பு கறுப்பு பழுப்பு.
யாரோ மைக்கிண்ணங்களை மாற்றி வைத்திருக்கிறார்கள்.
கண்ணாடியில் பார்த்த ஆயிரம்
இருநூறு ஆகிவிட்டது.

மேலாளர் ஒன்றை எடுத்து நீட்டினார்.
இது என்ன?
ஃபோல்க்மார் ஊசிகளைத் தேடினான்.
அளந்தான். 'ஆயிரம்' என்றான்.
நிறத்தைக் கேட்டேன், நிறத்தை.

ஜன்னலுக்கு வெளியே பனி.
பழுப்பும் சிவப்பும் அவனுக்கு ஒரே சேறு.
வேலைக்குச் சேரும்போது யாரும் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

நான் பெட்டியிலிருந்து பத்தை எடுத்து அளந்தேன்.
பத்தும் ஆயிரம்.
என் வெட்டுதான். முள் அசையாமல் நின்றது.
பொய் சொன்னது சட்டை. உடம்பு அல்ல.
பகல் ஷிப்டில் எத்தனை நல்ல கண்கள்
அந்தக் கிண்ணங்களைக் கடந்து போயிருக்கும்!
இதை அங்கேயே உரக்கச் சொல்லியிருக்கலாம்.
நிறுத்திப் பழகிய வாய்.
அன்றைக்கு வெகுவாக முந்தி நின்றுவிட்டது.

அவனைக் கீழ்த்தளத்துக்கு, கம்பிச் சுற்றுக்கு மாற்றினார்கள்.
அங்கே கரி இல்லை.
பீங்கான் தண்டில் நிக்கல்-குரோமியக் கம்பியை
வரிவரியாகச் சுற்றி
சின்னப் பீங்கான் தொட்டியில் கிடத்தி
சிமெண்ட் ஊற்றிச் சுடுவார்கள்.
வெள்ளைக் கட்டி. மேலே கறுப்பு எழுத்து:
ஐந்து வாட், பத்து ஓம்.
எழுதியிருப்பதைப் படித்தால் போதும். பட்டை கிடையாது.

இரண்டு வாரம் கழித்து, இடைவேளையில்,
மேலாளருக்கு எழுதிய காகிதம் பையில் இருக்க
படியிறங்கிப் போனேன்.
சோதனைப் பலகையில் நூறு கட்டிகள்
மின்சாரத்தைக் குடித்துச் சூடாகிக்கொண்டிருந்தன.
அவற்றின் மேல் ஒரு தகடு.
தகட்டின் மேல் அவனுடைய ரொட்டி.

தொடாதே, இன்னும் ஆகவில்லை, என்றான்.

சிவந்ததா கருகியதா,
உனக்கு எப்படித் தெரியும்?

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.
அவன் சிரித்தான்.
விரல் முட்டியால் ரொட்டியைத் தட்டி
என்னையும் குனியச் சொன்னான்.

கேட்டேன்.
இன்னும் ஆகவில்லை.