பத்துக் காசு அளவு

துவாஸ் யார்டில் பதினேழு வருஷம்
சுமைக்குக் கணக்குப் போட்டவன் நான்.
எந்தப் பட்டை எத்தனை டன்,
எந்தக் கோணத்தில் இறுகும்,
ஓரம் கூராக இருந்தால்
நடுவில் எத்தனை மடிப்புக் கோணி –
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இப்போது நானே சுமை.
அங் மோ கியோ, ஏழாம் படுக்கை.
இடுப்புக்குக் கீழேயிருந்து
ஒரு தகவலும் வருவதில்லை.

நிலார் கைப்பேசியில் படம் காட்டினாள்.
என் முதுகு முடிகிற இடம்.
பிறந்ததிலிருந்து நான் பார்த்திராத இடம்.
பத்துக் காசு அளவில் ஒரு சிவப்பு.
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாளாம்,
வெளுக்கவில்லை.

இவ்வளவுதானே என்றேன்.

மாத்திரை தந்த காகிதக் குவளையைக்
கவிழ்த்து வைத்தாள்.
மேலே தெரிந்த சின்ன வட்டத்தைத் தொட்டு,
"அங்கிள், இது தோல்."
அடியில் அகன்ற விளிம்பைத் தொட்டு,
"இது எலும்புப் பக்கம்."
உள்ளே வீடு முழுக்க எரிந்த பிறகுதான்
வாசலுக்குப் புகை வருமாம்.

எனக்கா புரியாது?
பட்டையும் உள்நூலில்தான் முதலில் அறும்.
மேலுறை பளபளவென்று இருக்கும்.
அன்றைக்கும்
பளபளவென்றுதான் இருந்தது.

அறுபத்திரண்டு கிலோ.
யார்டில் இதை எடை என்றே சொல்லமாட்டோம்.
மேலிருந்து எலும்பு, கீழிருந்து மெத்தை,
நடுவில் சதை,
பூட்ஸ் மிதித்து நிற்கும் தண்ணீர்க் குழாய் மாதிரி.
நிற்கிறவன் கனமானவன் என்பதில்லை,
நகராமல் நிற்கிறான்.

அதைவிட மோசம், பந்து பார்க்கத்
தலைமாட்டை உயர்த்தி வைத்த அந்த இரண்டு மணிநேரம்.
எலும்பு சறுக்கிக் கீழே போக,
வியர்வையில் விரிப்போடு ஒட்டிய தோல்
நான் வரலை என்றிருக்கிறது.
இழுபட்டது நடுவில் இருந்தவை,
மயிரிழை இரத்தக் குழாய்கள்.
இரண்டுக்குப் பூஜ்யம், நம் பக்கம் தோல்வி.

இரவு பதினொன்று. ஒன்று. மூன்று.
ஆள் வந்துவிடுகிறார்கள் திருப்ப.
"சத்து, துவா..." நிலார் எண்ணும்போதே
என் வாய் பழைய வேலைக்குப் போய்விடுகிறது:
இழுக்காதே, தூக்கு!
சுட்டுவிரலை மேலே காட்டி
வட்டம் போடுகிறேன்.
சிரித்துக்கொண்டே ஏற்றுகிறார்கள்.
உள்ளங்கையைத் தாழ்த்துகிறேன்.
மெல்ல. இன்னும் மெல்ல.

நாளைக் காலை காகித அளவுகோலோடு வருவாள்.
குறைந்ததா, கூடியதா,
அவள் முகத்தைப் பார்த்துத்தான்
எனக்குத் தெரியும்.

ஒரு மணிக்கு வலப்பக்கம்: திரு. ஓங்கின் குறட்டை.
மூன்று மணிக்கு இடப்பக்கம்: ஜன்னல்,
எதிர் புளோக்கில் யாரோ
விளக்கை அணைக்க மறந்த சமையலறை.