மூடி

தருமபுரி நாலு ரோட்டில்
செருப்புக் கடைக்கு மேல்மாடி.
பீங்கான் பல் செய்கிறேன்.
டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில்
முகமில்லாத ஈறுகள்
மேசை முழுக்கக் காத்திருக்கும்.

வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு.
பாலக்கோட்டு ஆழ்துளைத் தண்ணீர்
குடித்து வளர்ந்த பல்லுக்கு
அந்த அட்டையில் நிறம் கிடையாது.
கறையை நானே குழைத்து
தூரிகை நுனியால் ஏற்றுவேன்,
பக்கத்துப் பல் முறைக்காமலிருக்க.

மேல்தட்டில் பதினொரு சீசா.
சீனத்து மூக்குப்பொடி சீசா, கட்டைவிரல் உயரம்.
கிருஷ்ணகிரி முனிரத்தினம்
கப்பலில் கருங்கல்லை அனுப்பிவிட்டு
பின்னாலேயே விமானத்தில் போய்
பணத்தோடு ஒன்று வாங்கி வருவார்.
எல்லாமே இருநூறு வருசம் என்பார்.
அடிவிளிம்பை நகத்தால் சுரண்டினால்
தேயிலைச் சாயம் ஒட்டும்.
என் தொழில்காரன் எவனோ அங்கேயும் இருக்கிறான்.

ஒன்பது போலி. நான் சொன்னதில்லை.
அவர் முன்பல் மூன்றும் நான் செய்தவை,
அவரும் யாரிடமும் சொன்னதில்லை.
பத்தாவதைப் பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை.

பதினொன்றில் சிவப்பு வௌவால்.
இங்கே மாந்தோப்புக்காரன்
டப்பா தட்டி விரட்டுவது;
அங்கே அதிர்ஷ்டமாம்.
பூச்சுக்கு அடியில்
லென்ஸில் மட்டும் தெரியும் குமிழிகள்,
சோறு கொதிக்கும்போது யாரோ
அப்படியே நிறுத்திவிட்டது போல.
இது நிஜம்.
மூடிதான் இல்லை.

பென்னாகரத்துக் கல்யாணப் பெண்ணுக்கு
அவசரமாய் இரண்டு பல்.
உலையில் ஒரு மூலை மிச்சமிருந்தது,
கிண்ணத்தில் அவள் நிறமும் கொஞ்சம்.
ஐந்தில் ஒன்று சுருங்கும் என்று
பெரிதாகவே உருட்டி வைத்தேன்.
பழம்பொருள்காரர்கள் கேட்டால் திட்டுவார்கள்:
கைவைத்தால் விலை போச்சு.
போகட்டும்.

மூடும் முன் சும்மா கவிழ்த்துத் தட்டினேன்.
உள்ளங்கையில் ஒரு சிட்டிகை,
காய்ந்த பழுப்பு.
நாளெல்லாம் பொடியோடு கிடக்கும் மூக்கு
எதற்கும் அசையாது என்றுதான் நினைத்தேன்.

ஈறுகள் குலுங்கின.
கீழே ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்த அஸ்லம்
அண்ணாந்து கத்தினார்:
"நூறு!"
இரண்டாவதும் வந்தது.
"போதும்மா, அதுக்கு மேல என்னால முடியாது!"

மூக்கைத் துடைத்துவிட்டு
கடி பார்க்கும் நீலத்தாளை
வாய்க்கும் மூடிக்கும் நடுவில் வைத்து
அழுத்தினேன்.
வலப்பக்கம் கொஞ்சம் உயரம்.
ராவினேன். மறுபடி வைத்தேன்.
இன்னும் ஒரு மயிரிழை.

பல் இரண்டும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.
காலை முதல் பஸ்ஸில்
அவள் அப்பா வந்துவிடுவார்.