ஒன்று மூன்று நான்கு இரண்டு

வெடிக்க வேண்டிய வரிசை அதுதான்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
என் டாட்சன் சொன்னதோ
ஒன்று, ம்ஹும், நான்கு, இரண்டு.
ஒன்று, ம்ஹும், நான்கு, இரண்டு.
கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சை வாசனை அட்டை
ஒவ்வொரு ம்ஹும்முக்கும் தலையாட்டியது.

ஈசூன். வீவக கார்ப்பேட்டை, நான்காம் தளம்.
இரவு பதினொன்றே கால்.
மாலை மழை இன்னும் தூண்களில் வியர்க்கிறது.
ஆண்டுக்கு நாற்பத்தைந்து நாள்தான்
இந்த வயதான வண்டிக்குச் சாலை.
அதில் ஆறு நாளை இருமியே தின்றுவிட்டது.

முதலில் கார்புரேட்டர்மேல்தான் பழி.
மூன்று ஞாயிறு அதைப் பிரித்துப்போட்டேன்.
மிதவை சரி. ஊசி சரி.
ஜெட்டின் துளையைக் கண்ணில் வைத்தால்
எதிர் புளோக்கின் துணிக்கம்பு தெரிந்தது.
காற்றுக்கும் பெட்ரோலுக்கும் சமரசம் பேசும் திருகாணியை
கால் சுற்று உள்ளே,
அரைச் சுற்று வெளியே,
மறுபடி உள்ளே.
சோற்றைப் பிசைந்தாலும் பெட்ரோல் மணத்ததுதான்
கண்ட பலன்.

பிறகு காண்டாக்ட் பாயிண்ட்.
இடைவெளி பார்க்கும் தகடு கிடைக்காமல்
பழைய பெயர் அட்டையைச் செருகினேன்.
மு. அல்லியங்கோதை, துணை மேலாளர்,
சரக்கு ஆவணப் பிரிவு.
அட்டையின் தடிமனில் மட்டும்
கஞ்சத்தனம் காட்டாத கம்பெனி.
இரண்டு பெட்டி மிச்சமிருக்கிறது.
பதினெட்டு ஆண்டுக்குக் கணக்குத் தீர்த்த பணத்தில்
பாதி இந்த டாட்சன்.
மீதியைக் கேட்காதீர்கள்.

ரோஸ்னா கடைசிப் பேருந்தைப் பணிமனையில் விட்டுவிட்டு
சீருடையோடு வந்தாள்.
கையில் சட்டி கழுவும் மஞ்சள் கையுறை.
"ஓட ஓட ஒவ்வொரு கம்பியாய்ப் பிடுங்குவோம்.
எதைப் பிடுங்கினால் இன்ஜினுக்கு உறைக்கவில்லையோ
அதுதான் வேலை செய்யாதது."

ஒன்றை எடுத்தாள். தடுமாறியது.
இரண்டு. இன்னும் தடுமாறியது.
நான்கு. அணையப் பார்த்தது, பதறிச் செருகினாள்.
மூன்று.

அதே நடுக்கம். அதே சத்தம்.
வண்டிக்குத் தெரியவே இல்லை.

நான் அந்த மஞ்சள் கையுறையையே பார்த்தேன்.
ஆட்குறைப்புக்கு மறுநாளும்
பாசிர் பாஞ்சாங்கில் கப்பல்கள் கிளம்பின,
ஒன்றுகூடத் தாமதமில்லை.
விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.
விசாரித்திருக்கக் கூடாது.

புதுப் பிளக் போட்டோம், உபியில் ஆறு வெள்ளி.
மூன்று, ம்ஹும்.
இரண்டின் பிளக்கை மூன்றுக்கு மாற்றினோம்.
இரண்டு ஓடியது. மூன்று, ம்ஹும்.
ரோஸ்னா தூணில் சாய்ந்தாள். நானும்.
பேச எதுவும் மிச்சமில்லை.

அசையாமல் நிற்பவர்களை
இந்தக் கார்ப்பேட்டை மறந்துவிடும்.
தலைக்கு மேலே விளக்குகள்
ஒவ்வொன்றாய் அணைந்தன.

அப்போதுதான் அது.
மூன்றாம் கம்பியின் இடுப்பில்,
ரப்பர் விட்டிருந்த மயிரிழை வெடிப்பிலிருந்து
நீல நூல் ஒன்று
இன்ஜின் இரும்புக்குத் தாவியது.
மறுபடி தாவியது.
தன் முறை வரும்போதெல்லாம், மிகச் சரியாக,
டிக்.
டிக்.

ரோஸ்னா மலாயில் கிசுகிசுத்தாள்,
அசையாதே என்று.
மூச்சுகூட விடவில்லை நான்.

பொறி இருந்திருக்கிறது.
ஒரு முறையும் தவறாமல் கிளம்பியிருக்கிறது.
போகும் வழியில் ஒழுகியிருக்கிறது,
வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாமல்.

எவ்வளவு நேரம் நின்றோமோ.
பின்சீட்டுப் பையில் கிடந்த சத்தே குச்சியை எடுத்து
கம்பியை இரும்பிலிருந்து விரற்கடை விலக்கினேன்.
கை அசைந்ததும் விளக்கெல்லாம் எரிந்தன,
நீலம் போயிற்று,
காது மட்டும் மீந்தது:

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.

நாளை உபிக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்க வேண்டும்.
இப்போதைக்குக் குச்சியை எடுத்தேன், ம்ஹும்.
வைத்தேன், மூன்று.
எடுத்தேன். வைத்தேன்.
எட்டாம் மாடியிலிருந்து யாரோ கத்தினார்,
மனுஷன் தூங்க வேண்டாமா என்று.

இன்னும் ஒரே ஒரு முறை வைத்தேன்.