டாக்டர் நாற்காலி

சத்துவாச்சாரியில் ஒரு டயர் கடைக்கு மேலே
பயிற்சி வகுப்பு. இரண்டாம் சனிக்கிழமை.
கீழே நட்டு கழற்றும் மிஷின் அலறும்போதெல்லாம்
ஹெப்சிபா மேடம் வாயை மூடிக் காத்திருப்பார்,
பிறகு விட்ட இடத்திலிருந்து:
"மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்.
முக்கியமானதை முதலில் கேளுங்கள்,
கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கேட்காதீர்கள்."

அவருக்கும் வந்ததுதான். ஏழு வருஷம் ஆகிறது.
"போய்விட்டது" என்று சொல்லமாட்டார்.
"இப்போதைக்கு இல்லை" என்பார்.
வாக்கியத்தையும் பரிசோதனைக்கு அனுப்புகிற ஆள்.

நான் நேதாஜி மார்க்கெட் வெங்காய மண்டியில் கணக்கு.
மூட்டைக்கு இரண்டு ரூபாய் குறைக்க
ஆந்திரா லாரிக்காரனோடு விடியவிடிய மல்லுக்கட்டியவன்.
பதினாலாம் நம்பர் அறையில் மட்டும்
சரிங்க சார், சரிங்க சார்.
வெளியே வந்து செக்யூரிட்டியைக் கேட்பேன்:
"அவர் சொன்னது நல்லதா, கெட்டதா?"

பேர்ணாம்பட்டுத் தோல் ஷெட்டு சுபான் பாய்
பாதித் தாடை போனவர், கைக்குட்டைக்குள் பேசுவார்.
குடியாத்தத்தில் பீடி சுற்றும் பச்சையம்மாள்
"மவனுக்கு ரத்தத்துல" என்பாள்,
மீதியைச் சொல்லமாட்டாள்.
முதல் பாடமே அந்த மீதிதான்.
எல்லோரும் சேர்ந்து சொன்னோம்: புற்றுநோய்.
சத்தம் வரவில்லை.
கீழே மிஷின் நின்றிருந்தது, அப்போதும் வரவில்லை.
"புத்துக்கு முட்டை வச்சுப் பால் ஊத்தறோம்,
பேரு சொல்ல மட்டும் பயம்"
என்றாள் பச்சையம்மாள். மறுபடி சொன்னோம்.

அப்புறம் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி.
அதில் உட்காருகிறவர் டாக்டர்.
சுபான் பாய் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தார்,
செல்போன் பார்த்தார், சிரித்தோம்.
பச்சையம்மாள் விடவில்லை:
"இந்த ஊசி காப்பீட்டு அட்டையில வருமா?
வராட்டி வேற என்ன? எழுதிக் குடுங்க."
மேடம் மேசையைத் தட்டினார்.

என் முறை. எதிரே டாக்டராக
என் பூங்காவனம்.
தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.
ஐந்து கீமோ முடிந்த தலையில் டியூப் லைட் தெரிந்தது.

"என்ன கேக்கணும்?"

"சார்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.
"மருந்து வேலை செய்யுதுங்களா?"

காற்றில் ஒரு காகிதத்தைப் புரட்டினாள்.
"போன ஸ்கேன்ல ஈரல்ல ரெண்டு இடம்.
உங்ககிட்ட சொன்னேனே,
பேஷண்டுகிட்ட சொன்னீங்களா?"

கீழே மிஷின்.
ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட்டு. எண்ணினேன்.
எனக்குத் தெரிந்தது அதுதான்.

"வெங்காயச் சாக்குக்கு அடியில வச்சா
சமைக்கிறவளுக்குத் தெரியாதா?"
இப்போது அவள் டாக்டர் இல்லை.
"கவரை எடுத்துட்டுப் போயி
பக்கத்துக் கட்டில் பெங்காலிப் பொண்ணுகிட்ட காட்டுனேன்.
அவளுக்குத் தமிழ் வராது.
படிச்சுட்டு, என் வலது விலாவுக்குக் கீழ கைய வச்சா.
ரெண்டு விரல் காட்டுனா.
நாப்பது நாளாவுது."

ஹெப்சிபா மேடம் குறுக்கே வரவில்லை.
சுபான் பாய் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.
பூங்காவனம் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.
"இப்ப நீங்க டாக்டர். நான் கேக்கறேன்."
எனக்கு ஒரு பதிலும் தெரியவில்லை.
கேள்விகள் மட்டும் நன்றாக இருந்தன.

பத்தொன்பதாம் தேதி, பதினாலாம் நம்பர்.
டாக்டர் வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்துத் தொடங்கினார்.
"என்கிட்ட சொல்லுங்க சார்" என்றாள்.
அவருடைய நாற்காலிக்குச் சக்கரம் உண்டு, திரும்பியது.
என் வேலை எழுதுவது. எழுதினேன்,
லாரி நம்பர் எழுதுகிற கையெழுத்தில்.

ஆட்டோ கிரீன் சர்க்கிளில் நின்றபோது
சீட்டைப் பிரித்தேன்.
மூன்றாவது பதிலை மட்டும் என்னால் படிக்கமுடியவில்லை.
அவள் வாங்கி,
சிக்னல் விழுவதற்குள் படித்து முடித்தாள்,
பச்சையம்மாளுக்குச் சொல்லவேண்டியதை
ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.