காலுறைக் கணக்கு

நானூற்று முப்பது ரூபாய்.
பஸ்ஸுக்கான முப்பதை மேல்பையில் தனியே போட்டு
கை அந்தப் பக்கம் போகாதபடி
பட்டனும் போட்டுவிட்டேன்.

உறைபனியில் கொழுந்து கருகிய வாரம்.
ஃபேக்டரியில் டிரையர் மூன்று நாள்தான் ஓடியது.
தீபாவளி போனஸ்
தீபாவளியோடு போனது.

வீட்டில் ஆணியில் ஏற்கெனவே தொங்குகின்றன
நான்கு காலுறைகள்.
நான்கும் என்னுடையவை. இரவு ஷிப்டுக்குப் போடும் கம்பளி.
பிள்ளைகளுடையதில் ஒரு பென்சில்கூட நிற்காது என்று
அபிஷாய்தான் அளந்து பார்த்து முடிவு செய்தான்.
பதினொரு வயது, கணக்கில் கெட்டி.
குதிகாலில் ஓட்டை விழுந்ததை
யோவேலுக்கு ஒதுக்கியதும் அவன்தான்.
யோவேலின் அம்மா, என் கொழுந்தியாள்,
திருப்பூரில் தைக்கிறாள்.
இந்த வருடம் லீவு இல்லையாம்.

டானிங்டனில் பெள்ளன் கடை.
வாசலில் காகித நட்சத்திரங்கள்
மூடுபனியில் நனைந்து கனத்துத் தொங்குகின்றன.
"நாலு பிள்ளை, தலைக்கு நூறு" என்று
எனக்கு முன்னால் அவர் வகுத்துவிட்டார்.

ஜெருஷாவுக்கு இரண்டு வயது.
நூறும் பத்தும் அவளுக்கு ஒன்றுதான்.
சிவப்பு டம்ளர், பத்து ரூபாய்.
விசில் கூடாது என்று வீட்டுக்காரி சொல்லி அனுப்பியிருந்தாள்.
லைன் வீட்டுச் சுவருக்கு
ஒரு செங்கல் கனம்,
பக்கத்து வீட்டில் காலை ஷிப்டு.

அபிஷாய்க்கு ஜியாமெட்ரி பாக்ஸ்
காலுறைக்குள் நுழையாது,
நுழைந்தால் வெளியே வராது.
பூதக்கண்ணாடி. அறுபது.

யோவேலுக்குக் கோலிக்குண்டு அள்ளினேன்.
ஓட்டை ஞாபகம் வந்தது.
திரும்பப் போட்டேன்.
ராத்திரி கக்கூசுக்குப் போகும் வழியில்
காட்டுமாடு நிற்கும் என்று
பொழுது சாய்ந்தால் தண்ணீரே குடிக்காதவன் அவன்.
எண்பத்தைந்துக்கு ஒரு டார்ச்.
தடிமனானது, ஓட்டையில் நழுவாது.

கெசியாதான் கஷ்டம்.
"எனக்கு ஒண்ணும் வேணாம்பா,
நான் என்ன சின்னப் பிள்ளையா?"
பதினாறு வயது.
ஆனால் நான்காவது காலுறையை
ஆணியில் மாட்டியது யார் என்று
யாரும் கேட்கவில்லை.

கிளிப் வாங்கினால் அவள் அம்மா தலையில் இருக்கும்.
பேனா, தம்பி பையில்.
சீப்பு எல்லோருக்கும்.
நோட்டின் கடைசிப் பக்கத்தை
ஒருமுறை நானே வாசித்திருக்கிறேன்.
இரண்டு வரி. பிறகு மூடிவிட்டேன்,
மூடியதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆணி, திருகாணி டப்பாக்களுக்குப் பின்னால்
விரல்நீளப் பூட்டு ஒன்று. நூற்று நாற்பது.
அவள் தகரப்பெட்டியின் கொண்டிக்குச் சரியாக இருக்கும்.
"கிறிஸ்துமஸுக்குப் பூட்டா?" பெள்ளன் சிரித்தார்.
"ஒரு சாவியை நீங்க வச்சுக்குங்க,
பிள்ளைங்க தொலைச்சிடும்."
இரண்டையும் ஒரே நூலில் கட்டித் தரச் சொன்னேன்.

பெருவிரல் இடத்தை நிரப்ப ஆரஞ்சு, ஐம்பது.
எல்லோருக்குமாக வர்க்கி, ஐம்பது.
மிச்சம் ஐந்து ரூபாய்க்குச்
சில்லறை இல்லையென்று மிட்டாய் நீட்டினார்.
என் ஆயுளில் முதல்முறையாக
நான் சண்டை போடவில்லை.

நள்ளிரவு ஆராதனை முடிந்து
பிள்ளைகள் தூங்கியது மூன்று மணிக்கு.
எழுந்தது ஐந்தரைக்கு.
யோவேல் டார்ச்சைக் காலுறைக்குள் விட்டே எரித்தான்,
ஓட்டை வழியாக ஒரு வட்டம்
ஓட்டுக்கூரையில் விழுந்து ஆடியது.
வர்க்கியில் எறும்பு இருப்பதாக
கண்ணாடி வைத்து அறிவித்தான் அபிஷாய்.
ஜெருஷா டம்ளரில் ஆரஞ்சைப் போட்டாள், எடுத்தாள்,
போட்டாள்.

கெசியா ஒன்றும் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து மூலையில்
'டிக்' என்று ஒரு சத்தம்.
"அதுக்குள்ள அப்படி என்னத்தைதான் வைப்பா?"
என்று என்னைக் கேட்டாள் அவள் அம்மா.
எனக்கென்ன தெரியும்.

இருபத்தாறாம் தேதி இரவு ஷிப்டுக்குக் கிளம்பினேன்.
ஆணியில் மூன்றுதான் இருந்தன.
ஒன்றில் ஜெருஷா பால் கொட்டியிருந்தாள்.
தேடவில்லை, கேட்கவில்லை.
ஓட்டையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு
இறக்கத்தில் நடந்தேன்.
ஒரு குதிகால் மட்டும்
ஃபேக்டரி வரைக்கும் சில்லென்று இருந்தது.