ஃபின்ச் சந்தியில் வலது கண்

காலை ஐந்து ஐந்துக்கு
என் காரில் ஏறுகிறாள் சுகிர்தா.
கழுவித் துடைத்த முகம், ஈரம் காயாத காதோரம்,
மடியில் பள்ளிப் பிள்ளைபோல் ஒரு பென்சில் பை.
ஓடும் காரில் கை வைக்கமாட்டாள்.
ஒருநாள் மை கன்னம்வரை இழுபட்டதிலிருந்து
சிவப்பு விளக்குக்குக் காத்திருக்கிறாள்.

லோரன்ஸில் முகப்பூச்சு.
எல்ஸ்மியரில் புருவம்.
நெடுஞ்சாலைப் பாலம் தாண்டி
ஷெப்பர்டில் இடது கண்,
ஃபின்ச்சில் வலது கண்.
ஸ்டீல்ஸில் உதட்டை மடித்து
நான் காஸ் அடித்த ரசீதில் ஒற்றுவாள்.
கார்க் கதவின் பைக்குள்
நாற்பது ஐம்பது உதடுகள் கிடக்கின்றன.

எனக்கு இதெல்லாம் இல்லை.
தண்ணீர். பனிக்காலத்தில் கொஞ்சம் கிறீம்,
தோல் வெடிக்கும் என்பதற்காக.
கொள்கை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
இருபது நிமிட நித்திரை என்பதே உண்மை.

கார்களுக்குப் பக்கக் கண்ணாடி செய்யும் இடம்.
பெல்ட்டில் வரும் ஒவ்வொன்றையும்
வெள்ளை விளக்கின் கீழே தூக்கிச் சாய்த்து
கீறல் உண்டா, குமிழ் உண்டா பார்த்துப்
பெட்டிக்குள் வைக்கவேண்டும்.
ஒரு ஷிஃப்டுக்குத் தொள்ளாயிரம்.

"தலையில வலை, கையில உறை,
இதுக்குள்ள மை ஆருக்கடி?" என்று கேட்டேன் ஒருதரம்.
"தொளாயிரம் தரம் என்ர மூஞ்சியைப் பாக்கிறன்.
எனக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?" என்றாள்.
பிறகு கொஞ்சம் தள்ளி,
"உங்களுக்கு உங்கட முகம் தெரியிறேல்லையோ அக்கா?"

தெரிவதில்லை.
கீறலைத் தேடும் கண்ணுக்கு
முகம் எங்கோ பின்னால் போய்விடுகிறது.
சொன்னேன். நம்பவில்லை.

மார்ச்சில் ஒருநாள் பையை மறந்து வந்தாள்.
பத்து மணிக்குள் நான்கு பேர் கேட்டார்கள்,
சுகமில்லையா என்று.
சூப்பவைசர் டெல்ரோய்
வீட்டுக்குப் போய்ப் படு என்றான், நல்ல மனசோடு.
"இது வருத்தமில்லை, இது நான்" என்று
அவள் எத்தனை பேருக்குச் சொல்வாள்?
திரும்பும் வழியெல்லாம் கோபம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு, இரவு, கோப்பை கழுவும்போது நினைவு வந்தது.
டிசம்பரில் முப்பத்தொன்பது காய்ச்சலோடு
மூன்று நாள் அதே பெல்ட்டில் நின்றேன்.
ஒருவரும் கேட்கவில்லை.
என் முகம் எப்போதும் அப்படித்தான்.

நேற்று,
ஷெப்பர்ட் மட்டும் வழக்கம்போல்.
ஃபின்ச் பச்சை.
மக்னிக்கல் பச்சை.
ஸ்டீல்ஸ் தூரத்திலேயே பச்சை.
பச்சை விளக்கை ஒருத்தி இப்படித் திட்டி
நான் கேட்டதில்லை.
ஒரு கண் விடிந்திருந்தது,
மற்றது இன்னும் படுக்கையில் கிடந்தது.

ஐந்து நிமிடம் பிந்தினால்
கால் மணித்தியாலம் வெட்டுவார்கள், இருவருக்கும்.
காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி
உள்விளக்கைப் போட்டேன்.
அவள் கேட்கவில்லை,
ஏன் நின்றேன் என்று நானும் சொல்லவில்லை.

சிவப்பில் நான் எப்போதும் வீதியையே பார்ப்பவள்.
நேற்றுத்தான் ஒரு கண் முழுதாய் எழுதப்படுவதைக் கண்டேன்.
மூச்சை நிறுத்தி, வாயைச் சற்றே திறந்து,
இமையின் வேரோடு வேராய்
கடைசி மயிர்வரை கொண்டுபோய்
அங்கே சின்னதாய் ஒரு தூக்கு.
இத்தனை கவனத்தை நான்
எதற்குக் கொடுத்தேன் கடைசியாக?
கண்ணாடிக்கு. கண்ணாடியின் கீறலுக்கு.

மூடியை அழுத்தி மூடினாள்.
உடுத்திப் பூசி முடிப்பதற்கும்
வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கும்
எங்கள் பேச்சில் ஒரே சொல்.

"வெளிக்கிட்டாச்சு," என்றாள்.

சிக்னல் போட்டு
என் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.
பின்னால் ஒரு லொறி வந்துகொண்டிருந்தது.
அது போகட்டும் என்று நின்றேன்.