ஒரு மூடி

என் கடையில் மது விற்பதில்லை.
விற்பது காப்பி. கருப்பட்டி, சுக்கு,
மல்லி கொஞ்சம் தூக்கலாக.
பாம்பன் தெற்குவாடியில் இரண்டரை மணிக்கு
அடுப்பு மூட்டுகிறவள் நான் ஒருத்திதான்.

மூடி அவர்களுடையது.
சாரத்து மடிப்பிலிருந்து குப்பி வரும்,
கழுத்தைத் திருகி, மூடியைக் கவிழ்த்துப் பிடித்து,
இருட்டிலும் சிந்தாமல் ஒரு மூடி.
தம்ளரில் விழும் சத்தம் கேட்காது,
வாசம் கேட்கும்.
சுக்கு ஓரடி பின்வாங்கும்.
பிறகு சண்டை தீர்ந்த புருசன் பெண்டாட்டியாக
இரண்டும் ஒரே ஆவியில் ஏறி வரும்.

வாடைக்கு ஒன்று. கொண்டலுக்கு அரை.
துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டால்
கடலும் இல்லை, கணக்கும் இல்லை.
பஸ்தியானுக்கு ரம்தான் வேண்டும்.
எமரிட்டுக்குக் கையில் கிடைத்த பிராந்தி.
இன்னாசியின் அப்பன் காலத்தில் பட்டைச்சாராயமாம்,
தீக்குச்சி காட்டினால் காப்பி நீலமாய் எரியுமாம்.
இன்னாசி சொல்வதில் பாதி காற்று.

புதிதாக வந்த எஸ்.ஐ. ஒருநாள்
தம்ளர் தம்ளராக மோந்து பார்த்தார்.
"என்னம்மா இது?"
"சுக்கு, சார்."
"எந்த ஊர்ச் சுக்கு?"
நான் கடலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.
அன்றைக்கு அலை ஆளுயரம்.
ஒன்றும் எழுதாமல் போனார்.

கார்த்திகையில் எமரிட்
மூடியைப் பலகையில் வைத்துவிட்டுப் படகேறினான்.
கூப்பிட்டேன். என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.
மூடியில்லாத குப்பி கடலில் என்ன ஆகும்?
அதைத்தான் முதலில் யோசித்தேன். அது ஒரு யோசனையா.

மறுநாள் பஸ்தியானின் வள்ளம் மட்டும் வந்தது.
மற்றது எல்லை தாண்டியதாம்,
பிடித்துப் போய்விட்டார்களாம்.

ஒரு ராத்திரி, கடையடைத்த பிறகு,
அந்த மூடியை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
தகர நெடி. அடியில் எங்கோ ஒரு தித்திப்பு.
இதை எமரிட்டின் பெண்டாட்டி ரோஸ்லினிடம் சொல்லவில்லை.
அவள் தினம் வந்து என் பலகையில் உட்கார்ந்து
வக்கீல் பேரையும் தவணைத் தேதியையும் சொல்லுவாள்,
காப்பி ஆறிப்போகும்.
மூடி சும்மா கிடப்பானேன் என்று
சுக்குத்தூள் அளக்க எடுத்துக்கொண்டேன்.
சரியான அளவு அது.

ஐம்பத்தெட்டாம் நாள் வந்தான்,
மொட்டைத் தலையும் யாருடையதோ சட்டையுமாக.
"கித்தேரி, என் மூடி எங்கே?"
வேறொன்றும் கேட்கவில்லை.

தூள் டப்பாவிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன்.
மோந்தான். தும்மினான்.
மறியலில் வெறுந்தேத்தண்ணிதான் கொடுத்தார்களாம்,
உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து.
புதுக் குப்பி ஒன்று மடியில் இருந்தது.
திறந்தான். ஊற்றப் போனவன்
கை நடுங்குவதை நான் பார்ப்பதைப் பார்த்தான்.

வாங்கி நானே ஊற்றினேன்,
சுக்கு ஒட்டிய அதே மூடியில்,
விளிம்பு தாண்டாமல்.

காப்பிக்குப் பன்னிரண்டு ரூபாய்.
மூடியைத் திரும்பத் தரவில்லை.
குப்பியின் வாயில் காகிதம் சுருட்டி அடைத்துக்கொண்டு
ரோஸ்லின் நின்ற பக்கம் நடந்தான்.